திருமுதுகுன்றத்துக் கல்லில் ஒரு குலவரிசை: காடவராயரும் அவர்தம் கிளைகளும்

சகம் 1108, அதாவது கி.பி. 1186-இல், திருமுதுகுன்றத்துக் கோயிலில் ஒரு குலத்தின் வரிசையைக் கல்லில் வெட்டினார்கள். முதலில் வளந்தனார். அவருக்குப் பின் ஆட்கொல்லி காடவராயர். அடுத்து நாலு திக்கும் வென்றவன் என்று புகழப்படும் ஏழிசைமோகன். அவனுக்குப் பின் அரசநாராயணன் கச்சியராயன். கடைசியில் ஆளப்பிறந்தான் வீரசேகரன் காடவராயன். கர்க்கடமாராயனின் கூடலையும் அதியமானின் நாட்டையும் வீரசேகரன் அழித்தான் என்று அந்தக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அப்போது அரியணையில் இருந்தவன் மூன்றாம் குலோத்துங்க சோழன். அவனுடைய நாட்டுக்குள், அவனுடைய கல்வெட்டுகள் நிறைந்த ஒரு கோயிலுக்குள், ஒரு சிற்றரசன் தன் மூதாதையரை வரிசைப்படுத்தித் தன் போர்களைத் தன் பெயரிலேயே எழுதிவைத்தான். சோழப் பேரரசு ஆட்டங்காணத் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வட்டாரத்தில் கிடைப்பது அரிது.

திருமுதுகுன்றம் இன்றைய விருத்தாசலம். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு ரயில் சந்திப்பு, பீங்கான் பொம்மையும் பீங்கான் சாமானும் செய்கிற ஊர். அங்கிருந்து மணிமுத்தாற்றை ஒட்டி மேற்கே போனால் நல்லூர். இந்த ஆற்றங்கரைகளும், வடக்கே கெடிலமும் தென்பெண்ணையும் பாயும் திருமுனைப்பாடி நாடும் சேர்ந்ததுதான் பழைய நடுநாடு. சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடையில் கிடந்ததால் இப்படியொரு பெயர். வரலாற்றுப் பாடப்புத்தகங்களில் இந்த நிலப்பகுதிக்கு அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை. தஞ்சைக்கும் காஞ்சிக்கும் போகிற வழி என்ற அளவில்தான் அது வந்துபோகும். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தமிழகத்தின் அரசியல் இந்த வழிப்பாதையைச் சுற்றியே சுழன்றது. சோழச் சக்கரவர்த்தியைப் பிடித்து இங்கேதான் சிறையில் வைத்தார்கள். போசளப் படையும் பாண்டியப் படையும் இங்கேதான் வந்து மோதின. இவற்றுக்கெல்லாம் நடுவில் நின்றவர்கள் காடவராயர்கள்.

போர்த்தொழில் குலங்களைப் பற்றிப் பேசும்போது உலகம் முதலில் நினைப்பது ஜப்பானின் சாமுராய்களை. அதற்குக் காரணம் உண்டு. தைரா, மினமோட்டோ, ஹோஜோ, அஷிகாகா என்று அவர்களுடைய குலங்களும் கிளைகளும் ஏடுகளில் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. நம் சிற்றரசர் குலங்களின் பதிவு கோயில் சுவர்களில், அதிட்டானத்தில், ஏரி மதகில் சிதறிக் கிடக்கிறது. சேர்த்துப் படித்தால் அது குறைந்த கதை இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நல்ல காரணமும் இருக்கிறது: காலம். 1221-இல் ஜப்பானில் ஹோஜோ குலத்தார் பேரரசின் தலைநகரான கியோட்டோவின் மீது படையெடுத்து, முடிதுறந்தும் அதிகாரத்தை விடாதிருந்த முன்னாள் பேரரசர் கோ-தோபாவை ஓகித் தீவுக்கு நாடுகடத்தினார்கள். அடுத்த பத்தாண்டில், 1231-ஐ ஒட்டி, காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். இரு நாடுகளிலும் காவலுக்கு வைத்தவர்கள் காக்கப்பட்டவனைக் கைப்பிடிக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு இரண்டு குலங்களும் எடுத்த முடிவுகள் வெவ்வேறானவை. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் காடவரின் தொடக்கத்திலிருந்து வரவேண்டும்.

காடவர் என்ற பெயர் பழையது. தேவாரமும் நாயன்மார் மரபும் பல்லவ மன்னர்களைக் காடவர்கோன் என்றே குறிக்கின்றன. ஐயடிகள் காடவர்கோனும் கழற்சிங்கரும் அறுபத்துமூவரில் இடம்பெற்றவர்கள். பல்லவ மரபுக்குள்ளேயே இரண்டு கிளைகள் இருந்தன. சிம்மவிஷ்ணுவின் வழியினர் மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன் என்று காஞ்சியை ஆண்டார்கள். அவன் தம்பி பீமவர்மனின் வழி ஒதுங்கியே இருந்தது. 8-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் மூத்த கிளை அற்றுப்போனபோது, இளைய கிளையிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து அரியணையில் ஏற்றினார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லன். அந்தத் தேர்வின் கதையைக் காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரில் இன்றும் சிற்பமாகக் காணலாம். கிளைமாற்றத்தை மறைக்காமல், அதையே அரச வரலாறாகச் செதுக்கிவைத்த துணிவு அது.

9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் அபராசிதனை வென்றதோடு பல்லவ அரசு முடிந்தது. நடுநாட்டில் காடவராயர்கள் பேர்சொல்லும் தலைவர்களாகத் தலையெடுப்பது 11-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 12-ஆம் நூற்றாண்டிலும்தான். இடையில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். காடவர்கள் பின்னாளில் தங்களைப் பல்லவ குலத்தார் என்றே சொல்லிக்கொண்டார்கள். அந்த இருநூறு ஆண்டு இடைவெளியை மகன், பேரன் என்று அடுக்கி நிரப்பும் வரிசை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டே வளந்தனாரிலிருந்துதான் தொடங்குகிறது. நந்திவர்மனிலிருந்தோ அபராசிதனிலிருந்தோ தொடங்கவில்லை. அந்தக் குலம் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளில் மிக நேர்மையானது இதுதான் என்பது என் கருத்து. தங்களுக்கு உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பல்லவப் பெருமிதம் கைக்கு அதிகாரம் வந்தபிறகு மேலேறியது.

இதற்காக அவர்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஹோஜோக்களும் அப்படித்தான். பேரரசர் கன்முவின் வழிவந்த தைரா குலத்தின் கிளை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். இன்றைய ஜப்பானிய வரலாற்றறிஞர் பலர் அந்த வழிமுறையை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். இசு மாகாணத்தில் உள்ளூர் அதிகாரிகளாக இருந்தவர்கள், மினமோட்டோ யோரிதோமோவுக்குப் பெண் கொடுத்ததால் மேலே வந்தார்கள். போரில் பெற்ற நிலையை உறுதிப்படுத்த ஒரு பழைய பெயர் தேவைப்பட்டது. இங்கும் அங்கும் ஒரே தேவைதான்.

காடவர்கள் மேலே வந்த வழி காவல். பாடிகாவல் என்பது சோழர் காலத்தில் ஊர்களைக் காக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்போடு அதற்கென ஊரார் செலுத்தும் வரியை வாங்கும் உரிமையும் சேர்ந்தே வந்தது. 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், திருவதிகை போன்ற நடுநாட்டுக் கோயில்களுக்குக் காடவத் தலைவர்கள் இந்தக் காவல் வரியையே விட்டுக்கொடுத்த செய்திகள் வருகின்றன. படிக்கும்போது அது பக்தியாகத் தெரியும். பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் ஒரு வரியைக் கோயிலுக்கு விட்டுக்கொடுக்கிறான் என்றால், அந்த வரி அவன் கையில் இருந்தது என்பதற்கு அதுவே பத்திரம். தஞ்சையிலிருந்தோ கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தோ வந்த அதிகாரி பெயருக்கு இருந்திருக்கலாம். களத்தில் நெல்லை அளந்தபோது யார் ஆள் நின்றான் என்பதுதான் ஆட்சி. அந்த இடத்தில் இரண்டு தலைமுறைக்குள் காடவராயரின் ஆள் நின்றான்.

சோழர்கள் இதைக் கவனிக்காமலில்லை. இப்படிப்பட்டவர்களைத் தம்மோடு கட்டிவைக்க அவர்கள் கையாண்ட வழி, தங்கள் பெயரையே அவர்களுக்குக் கொடுப்பது. குலோத்துங்கசோழக் காடவராயன், குலோத்துங்கசோழக் கச்சியராயன் என்று பட்டங்கள் வருவது அதனால்தான். சாமுராய் உலகிலும் இதே வழக்கம் இருந்தது. தலைவன் தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தைத் தன் சேவகனுக்குக் கொடுப்பான். அஷிகாகா தகாவுஜியின் பெயரில் முதலில் ஹோஜோ தகாதோகியின் எழுத்து இருந்தது. ஹோஜோக்களை எதிர்த்துத் திரும்பிய பிறகு பேரரசர் கோ-தைகோவின் பெயரிலிருந்து எழுத்தைப் பெற்று அந்த முதலெழுத்தை மாற்றிக்கொண்டான். பிறகு அந்தப் பேரரசரையும் எதிர்த்தான். பெயர் கொடுப்பதால் பற்றுறுதி நிலைக்காது என்பதை இரண்டு நாடுகளும் ஒரே விதமாகக் கண்டன.

கிளைகளின் கதை இன்னும் சிக்கலானது. ஆளப்பிறந்தான், ஏழிசைமோகன், அரசநாராயணன், கச்சியராயன், ஆட்கொல்லி என்ற பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பத் திரும்ப வருகின்றன. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம் ஒரு காரணம். அண்ணன் தம்பிகள் ஒரே பட்டத்தைப் பூணுவது இன்னொன்று. கூடல் என்னும் ஊரின் பெயரைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டவர்கள் ஒருபுறம். விருத்தாசலம், திருவெண்ணெய்நல்லூர், திருநாவலூர், திருவதிகை என்று கோயில் கோயிலாகக் கொடையளித்தவர்கள் மறுபுறம். இவர்களில் யார் மூத்தவழி, யார் இளையவழி என்று மரம்போல் வரைந்துகாட்டியவர்கள் உண்டு. கிளைகள் உண்மையில் மரம்போல் பிரியவில்லை என்றே நான் கருதுகிறேன். ஒவ்வொரு காவல் எல்லையையும் ஒரு சகோதரனோ மகனோ பிடித்துக்கொண்டான். அவர்களில் வலுத்தவன் காடவராயன் என்ற பட்டத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான். ஹோஜோ குலத்திலும் தோகுசோ என்ற தலைமைக் கிளை மற்றக் கிளைகளுக்கு மேலேறியது இவ்வாறே.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு குலத்தைத் தேடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பல்லவரையன், தொண்டைமான், கச்சிராயன் ஆகியவை சோழர் காலத்தில் அதிகாரப் பட்டங்கள். முதலாம் குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமான் காடவன் இல்லை. இரண்டாம் இராசாதிராசனை அரியணையில் ஏற்றிய, பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டின் நாயகனான பல்லவராயனும் காடவன் இல்லை. பட்டம் ஒன்றாக இருந்தால் உறவு ஒன்றாகிவிடாது. இன்று ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் காடவராயரைத் தம் முன்னோர் என்கின்றன. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் கல்வெட்டு தருவது காவல் எல்லைகளையும் கொடைகளையும் பட்டங்களையும்தான். அவற்றைத் தாண்டிய உறவுமுறையைக் கல்லின் பெயரால் நிறுவ முயல்வது அந்தக் கல்லுக்கே அநீதி.

காடவர்கள் தனித்து வளரவுமில்லை. அவர்களைச் சுற்றி மகதைநாட்டு வாணகோவரையர்கள், கிளியூர் மலையமான்கள், செங்கேணிச் சம்புவராயர்கள், தகடூர் அதியமான்கள் என்று ஒரே அளவில் வளர்ந்த குலங்கள் பல இருந்தன. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இந்தத் தலைவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளே கல்லில் ஏறிவிட்டன. உனக்குப் பகை எனக்கும் பகை, என் பகைவனோடு நீ சேரக்கூடாது என்ற வகையில் அவை அமைந்தன. தம் எல்லைக்குள் இரண்டு சிற்றரசர்கள் இப்படி ஒப்பந்தம் செய்துகொள்வதைத் தடுக்கவோ தண்டிக்கவோ சோழ அரசு முன்வரவில்லை. முடிந்திருந்தால் முன்வந்திருக்கும்.

1216-ஐ ஒட்டி எல்லாம் ஒருசேர உடைந்தது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். சோழர் போசளரின் தயவில் முடியைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டுகளில் காடவர் தலைமைக்கு வந்தவன் மணவாளப்பெருமாள். சோழனைச் சிறைப்பிடித்த கோப்பெருஞ்சிங்கன் இவனே என்று கொள்வார்கள். கெடிலக்கரையில், இன்றைய உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியிலுள்ள சேந்தமங்கலத்தைத் தன் படைவீட்டூராக ஆக்கிக்கொண்டவன் அவன். அங்கே அவன் எடுப்பித்த சிவன் கோயிலுக்கு அந்தக் காலப் பெயர் வாணிலைகண்டீச்சரம். இன்று ஆபத்சகாயேசுவரர் கோயில் என்கிறார்கள். வாணிலைகண்டான் என்பது அவனுடைய போர்ப்பட்டம். அந்தக் கோயிலை நேரில் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். அது வழிபாட்டுக்கு மட்டும் எழுந்த கட்டடமாகத் தோன்றாது. கனத்த மதில்களும் அது நிற்கிற இடமும், முற்றுகையை எதிர்பார்த்த ஒரு தலைவனின் மனத்தைச் சொல்கின்றன. 1990-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த ஊரில் அகழாய்வும் செய்தது.

இந்த இடத்தில் வரலாற்றறிஞர்களிடையே நெடுங்காலம் நடந்த ஒரு விவாதத்தைச் சொல்லியாக வேண்டும். கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் இருந்தது ஒருவனா இருவரா? 1231-ஐ ஒட்டிச் சோழனைச் சிறைப்பிடித்தவன் ஒரு கோப்பெருஞ்சிங்கன். 1243-இல் தொடங்கித் தன் ஆட்சியாண்டை எண்ணி 1279 வரை கல்வெட்டுகள் விட்டவன் ஒரு கோப்பெருஞ்சிங்கன். ஒரே ஆள் என்று முதலில் கொண்டார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 12-ஆம் தொகுதி, பல்லவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது, 1943-இல் வெளிவந்தது. காடவர் கல்வெட்டுகளை ஓரிடத்தில் வைத்துப் படிக்கும் வசதி அதனால் வந்தது. மகாராசசிம்மன் என்ற வடமொழிப் பெயரில் வரும் மன்னன், ஜீயமகீபதியின் மகன் என்று ஆந்திரப்பகுதிக் கல்வெட்டு சொல்கிறது. தமிழில் சீயன் என்றும் அழகியசீயன் என்றும் வருபவனே ஜீயமகீபதி. ஆகத் தந்தையும் மகனும் என இருவர் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அரைநூற்றாண்டு முழுவதையும் ஒரே ஆளின் வீரத்தில் ஏற்றிப் பார்த்தபோது கிடைத்த காவியச் சுவை இதனால் குறையலாம். ஆனால் ஒரு குலம் தன் திட்டத்தை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக் கொடுத்தது என்பது, அதைவிடக் கனமான செய்தி.

சிறைபிடித்த கதையை மூன்று பக்கங்களிலிருந்து கேட்கலாம். வயலூர்க் கல்வெட்டு காடவனின் குரல்: தெள்ளாற்றில் சோழனை வென்று, முடிச்சின்னங்களைப் பறித்து, அவனைச் சிறையிலிட்டுச் சோழநாட்டைக் கைக்கொண்டதாக அது முழங்குகிறது. தெள்ளாறு என்ற இடமும் அர்த்தம் உள்ளதுதான். நானூறு ஆண்டுகளுக்கு முன் அதே களத்தில் பாண்டியனை வென்றதால்தான் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் தெள்ளாறெறிந்தவன் ஆனான். சகலவித்தியா சக்கரவர்த்தியின் கத்யகர்ணாமிருதம் போசள அரண்மனையின் குரல்: துணைதேடிப் போசளரிடம் வந்துகொண்டிருந்த சோழனை வழிமறித்துப் பிடித்த கதையை அது சொல்கிறது. மூன்றாவது, கடலூரை அடுத்த திருவயிந்திரபுரம் கோயிலில் உள்ள கல்வெட்டு. போசளப் படைத்தலைவர்கள் தாங்கள் செய்ததை வரிசையாக எழுதிவைத்த அறிக்கை அது. என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றில் அதுதான் தலைமையானது. காரணம், அதில்தான் ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன.

சோழன் சிறைப்பட்ட செய்தி கேட்டுப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தோரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். வழியில் மகர ராச்சியத்தை அழித்தான். பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் எள்ளேரியையும் கள்ளியூர்மூலையையும், சோழகோன் என்ற அதிகாரி இருந்த தொழுதகையூரையும் அழித்தார்கள். எதிர்த்த முதலிகளைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பராக்கிரமபாகு என்னும் ஈழத்தரசன் ஒருவனும் இருந்தான் என்கிறது கல்வெட்டு. பொன்னம்பலத்தில் தில்லைநாயகனைக் கும்பிட்டார்கள். பிறகு தொண்டைமானல்லூரை அழித்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையமிறங்கினார்கள். திருவதிகை, திருவக்கரை முதலான ஊர்களை அழித்தார்கள். வாரணவாசி ஆற்றுக்குத் தெற்கே, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே உள்ள ஊர்களைச் சுட்டுப் பெண்களைப் பிடித்தார்கள். அதன் பிறகு சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகையில் கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவித்தான்.

பொன்னம்பலத்தில் வழிபாட்டுக்கும் அடுத்த ஊரைச் சுடுவதற்கும் இடையில் அந்தக் கல்வெட்டில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. சோழனை மீட்ட அறச்செயல் என்று கொண்டாடப்படும் இந்தப் படையெடுப்பில், காடவனின் கோட்டை கடைசிவரை தாக்கப்படவேயில்லை. அழிந்தது உழுது வாழ்ந்தவர்களின் ஊர்கள். ஒரு தலைவனைப் பணியவைக்க அவன் வரிவாங்கும் குடிகளை அழிப்பது என்ற கணக்கு அது. காவல் வரி வாங்கியவன் காக்க முடியாமல் போன தருணமும் அதுதான். நடுநாட்டு வரலாற்றை எழுதும்போது அரசர்களின் பெயருக்கு முன் இந்த ஊர்ப் பெயர்களை எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி ஹோஜோக்களோடு ஒப்பிடலாம். 1219-இல் ஷோகனாக இருந்த யோரிதோமோவின் நேர்வழி அற்றுப்போன பிறகும் ஹோஜோக்களில் ஒருவர்கூட ஷோகன் பட்டத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கியோட்டோவிலிருந்து முதலில் ஃபுஜிவாரா குடும்பத்துச் சிறுவர்களையும் பிறகு அரசகுமாரர்களையும் வரவழைத்து ஷோகனாக உட்காரவைத்தார்கள். தாங்கள் ஷிக்கென் என்ற ஆட்சிப்பொறுப்பாளர் பதவியோடு நின்றுகொண்டார்கள். முடி வேறொருவர் தலையில், அதிகாரம் தம் கையில். காடவன் இதற்கு நேர்மாறாகப் போனான். சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தைத் தானே சூடினான். சோழனைத் தன் கைப்பொம்மையாக அரியணையில் வைத்து ஆண்டிருக்கலாம். சிறையில் வைத்ததால், சோழனைக் காக்கும் உரிமை தங்களுக்கே என்று சொல்லிப் போசளர் உள்ளே வரக் கதவு திறந்தது. தமிழகத்தில் முடிக்கு அருகில் நிற்பதைவிட முடியைச் சூடுவதுதான் ஆட்சி என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. மூவேந்தர் என்ற பழைய கணக்கை விட்டு வெளியேறிச் சிந்திக்கக் காடவனுக்கும் இயலவில்லை. பல்லவன் என்ற பழைய முடியை அவன் தேடிப்போனதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

1243-இல் பொறுப்பேற்ற இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் தந்தையைவிடப் பக்குவப்பட்டவன். வாள் எடுக்கத் தயங்காதவன். பெரம்பலூரில் போசளரின் தண்டநாயகர்களை, கேசவன், அரிகரன் முதலானோரை, வென்று அழித்தான். அவர்களின் பெண்டிரையும் பொருளையும் கவர்ந்தான். அந்தப் போரில் செய்த பாவத்துக்குக் கழுவாயாகத் திருமுதுகுன்றமுடையாருக்குப் பொன்னும் மணியும் இழைத்த நெற்றிப்பட்டம் ஒன்றைச் செய்து சாத்தினான். அதற்கு அவனி ஆளப்பிறந்தான் என்று தன் பட்டத்தையே பெயராக வைத்தான். வெற்றியைக் கல்வெட்டில் பாடியவர்கள் நம் வரலாற்றில் எண்ணற்றவர்கள். வென்ற போரைப் பாவம் என்று அதே மூச்சில் எழுதவைத்தவர்கள் மிகச் சிலர். அந்தப் பாவ உணர்வில் சாத்திய நகைக்கும் தன் பெயரையே வைத்ததில் பெருமிதம் விட்டபாடில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மனிதனிடம் இருந்தன. அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதாவது ஒன்றை மறைத்துவிடுகிறார்கள்.

அவனுடைய பெரும்பணி தில்லையில் நடந்தது. செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ஆற்றூரின் வருவாயைக் கொண்டு தில்லையின் தெற்குக் கோபுரத்தை எழுநிலையாகக் கட்டிய செய்தியைக் கல்வெட்டு தருகிறது. சொக்கச்சீயன் என்ற காடவப் பட்டம் அந்தக் கோபுரத்தின் பெயரில் ஏறியது. அதே கோபுரத்தின் விதானத்தில் பாண்டியரின் மீன் சின்னம் இருப்பதால், கட்டியவர் யார் என்ற கேள்வியைக் கலைவரலாற்றறிஞர்கள் எழுப்பியதுண்டு. கட்டி முடித்தவனின் காலடியில் அடுத்த ஆதிக்கம் தன் முத்திரையைப் பதித்தது என்று கொள்வதே பொருத்தம். கிழக்குக் கோபுரமும் அவன் பணி என்பதை ஆந்திரப்பகுதி வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. வென்ற மன்னர்களிடம் பெற்ற பொருளால் அது எழுந்ததாம். நூற்றெட்டுக் கரணங்களைத் தாங்கி நிற்கும் கோபுரங்களோடு அவன் பெயர் சேர்ந்திருப்பது தற்செயல் அன்று. பரதமல்லன் என்பது அவன் விரும்பிச் சூடிய பட்டங்களில் ஒன்று. சாகித்திய ரத்னாகரன் மற்றொன்று. வாள்வீரன் என்ற பொருளில் கட்கமல்லன் என்றும் அழைத்துக்கொண்டான். பொன்னம்பலத்தின் எல்லாக் காரியங்களையும் எக்காலமும் நடத்துபவன் என்ற நீண்ட பட்டம் ஒன்றும் அவனுக்கு உண்டு. பெரம்பலூரில் வாளோடு நின்றவனும் நாட்டிய சாத்திரத்தில் பெயர்வாங்க விரும்பியவனும் ஒருவனே.

1262-இல் கோதாவரிக்கரைப் பக்கத்துத் திராட்சாராமத்தில் அவன் பெயரில் கல்வெட்டு வெட்டப்படுகிறது. அங்கே பாலாறு, பெண்ணை, காவிரி மூன்றுக்கும் தானே நாயகன் என்று அவன் புகழப்படுகிறான். காகதீயக் கணபதியின் ஆதிக்கம் பரவியிருந்த நிலத்தில் நின்று தன் ஆறுகளை எண்ணிக்காட்டுவது, தன் எல்லையை அறிவிக்கும் முறை. அந்தப் புகழ்ச்சியில் மிகை உண்டு. ஆனால் காஞ்சியிலும் திருவண்ணாமலையிலும் தில்லையிலும் அவன் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன என்பதால் அடிப்படை பொய்யில்லை. என் மனம் இந்தக் கோபுரங்களைவிடச் சிறிய ஒரு பணியில் அதிகம் நிற்கிறது. புதுச்சேரிக்கு அருகே திரிபுவனையில் உடைந்துகிடந்த பெரிய ஏரியின் கரையையும் மதகுகளையும் அவன் செப்பனிட்டான். போர்க்காலத்தில் ஏரிகள்தான் முதலில் பாழாகும். கரை உடைந்தால் ஊர் கலையும். தந்தை காலத்தில் எரிந்த ஊர்களுக்கு அருகில் மகன் ஏரியைக் கட்டினான். காவல் என்ற சொல்லுக்குரிய பொருளை அந்தக் குலம் அப்போதுதான் மீண்டும் நிறைவேற்றியது.

பாண்டியர் எழுச்சியைத் தடுக்க யாராலும் முடியவில்லை. 1251-இல் பட்டம்பெற்ற சடையவர்மன் சுந்தரபாண்டியன் காடவனின் திறையை ஏற்க மறுத்துச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். யானைகளையும் செல்வத்தையும் கவர்ந்துகொண்டு நாட்டைத் திரும்பக் கொடுத்தான் என்கிறது அவன் மெய்க்கீர்த்தி. காடவன் பாண்டியனுக்குக் கீழிருந்து ஆண்டான். 1279-இல் அவனுடைய கல்வெட்டுகள் நிற்கின்றன. சோழ வரிசையின் கடைசி மன்னன் மூன்றாம் இராசேந்திரனும் அதே ஆண்டோடு மறைகிறான். யாரைச் சிறைவைத்தார்களோ அந்தச் சோழர் குலமும், சிறைவைத்த காடவர் குலமும் ஒன்றாகவே முடிந்தன. இரு குலங்களின் வலிமையும் ஒரே நிலத்தின் விளைச்சலிலிருந்து, ஒரே ஊர்களின் வரியிலிருந்து வந்தது. ஒருவரை ஒருவர் பிடித்து உலுக்கிய ஐம்பதாண்டில் அது இருவருக்கும் மிஞ்சவில்லை. ஹோஜோக்களோ 1274-இலும் 1281-இலும் வந்த மங்கோலியப் படையெடுப்புகளைத் தாங்கி, 1333-இல் தம் தலைமையிடமான காமகுரா வீழும்வரை நீடித்தார்கள்.

சம்புவராயர்கள் 14-ஆம் நூற்றாண்டிலும் படைவீட்டிலிருந்து ஆண்டார்கள், விசயநகரக் கம்பணன் வரும்வரை. காடவர்களுக்கு அந்த இரண்டாம் வாழ்வு கிடைக்கவில்லை. காரணம் எளிது. சம்புவராயர் தம் நிலத்தை விட்டு வெளியே பேரரசு தேடிப் போகவில்லை. காடவர் போனார்கள். தலைமைக் கிளை பாண்டியனிடம் தோற்றபோது, பல காலமாக அதன் நிழலிலேயே இருந்த மற்றக் கிளைகளுக்குத் தனியாக நிற்கும் வேர் இருக்கவில்லை. விருத்தாசலத்துக்கு அருகே முகாசபரூரில் கச்சிராயர் என்ற பட்டத்தோடு பாளையக்காரர்கள் பிற்காலத்தில் இருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கச்சியராயனுக்கும் அவர்களுக்கும் இடையில் நானூறு ஆண்டுகளும் விசயநகர, செஞ்சி நாயக்க ஆட்சிகளும் கிடக்கின்றன. பட்டம் தங்கியது என்று துணிந்து சொல்லலாம். அதே வட்டாரத்தில், அதே காவல்தொழிலில் இருந்தவர்களிடம் அது தங்கியது என்பது கவனிக்கத்தக்கது. நேர்வழி என்று சொல்ல, திருமுதுகுன்றத்துக் கல்லைப்போல் பெயர்களை அடுக்கும் இன்னொரு ஆவணம் வேண்டும்.

காடவர் வரலாறு இனி வளரவேண்டிய திசை அரசர்களின் பக்கம் இல்லை என்பது என் எண்ணம். கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா இருவரா என்பதற்குச் செலவான மை போதும். மணிமுத்தாற்றிலிருந்து கெடிலம் வரை ஒவ்வொரு கோயிலிலும் உள்ள பாடிகாவல் கொடைகளை ஊர்வாரியாக எடுத்து, ஆண்டு போட்டு, வரைபடத்தில் குறித்தால், எந்த எல்லை எந்தக் கிளையிடம் எப்போது போனது என்பது தெளியும். திருவயிந்திரபுரக் கல்வெட்டில் எரிந்ததாகச் சொல்லப்படும் ஊர்கள் அந்த எல்லைகளில் எவற்றுக்குள் விழுகின்றன என்பதையும் அப்போது பார்க்கலாம். நல்லூர் ஒன்றியத்திலும் விருத்தாசலம் வட்டத்திலும் பெயர்மாறியோ மாறாமலோ அவற்றின் வாரிசு ஊர்கள் இருக்கக்கூடும். அந்த வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் இந்தப் பகுதிக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள்தாம்.